மூன்றாவது கிணறு

காலை ஏழு நாற்பதுக்கே வாளி மேடம் வந்துவிட்டாள். எட்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தவள்.

அக்கா அப்போதுதான் நாலாவது குளத்து வடிகால் குழாயின் வலையைக் கழற்றித் துவைத்து மதில்மேல் காயப் போட்டிருந்தாள். அந்த வலை இல்லாவிட்டால் மீன்குஞ்சுகள் தண்ணீரோடு போய்விடும். எட்டரைக்குள் திரும்ப மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்தாள். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்.

"சீக்கிரம் வந்துட்டேனா?" என்றாள் மேடம், ஸ்கூட்டரை நிறுத்தியபடி.

"நல்ல காரியத்துக்கு நேரம் காலம் உண்டா மேடம்?" என்றாள் அக்கா. மனசுக்குள் வேறு சொன்னாள்.

வாளி மேடம் நிலத்தடி நீர் அலுவலகத்தில் மதிப்பீட்டாளர். இருபது லிட்டர் வாளி ஒன்று எப்போதும் அவள் ஸ்கூட்டரில் தொங்கும். கழுத்தில் நிறுத்துகடிகாரம். பையில் அளவுகோல், கால்குலேட்டர், படிவங்கள். அந்த வட்டாரத்தில் எந்த மோட்டாருக்கும் மீட்டர் கிடையாது. மண்ணுக்கு அடியிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. வாளி நிறைய எத்தனை நொடி என்று பார்ப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்பாள். பெருக்குவாள். பெருக்கல் எளிது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்ன ஆளைத்தான் அவள் இதுவரை பார்க்கவில்லை.

இன்றும் பார்க்கப் போவதில்லை.

விதி இதுதான். ஒரு மின் இணைப்புக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஒரு குடும்பத்துக்கு ஓர் இணைப்பு. ஓடாத பம்புக்கு இணைப்பு இல்லை.

அக்காவின் பம்பு பதினாறு மணி நேரம் ஓடியது. மதிலுக்கு அந்தப் பக்கம், தம்பியின் தோட்டத்தில் இருந்த பம்பு, இரண்டு வருஷமாக ஓடவே இல்லை. மோட்டார் இருநூற்று நாற்பது அடி ஆழத்தில் கருகிக் கிடந்தது. அதனால் அக்காவும் தம்பியும் உட்கார்ந்து பேசி, பதினாறை எட்டு எட்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கூட்டினால் உண்மை. பிரித்தால்தான் பொய்.

இந்தப் பொய் நிற்காவிட்டால் நாலாவது குளத்தை வற்ற விட வேண்டும். நாலாவதில்தான் நல்ல மீன். விற்பனைக்கு வர இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

இரண்டு இணைப்புக்கு இரண்டு குடும்பம் வேண்டும் அல்லவா? அதற்காக அக்காவும் தம்பியும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். வாரத்துக்கு இரண்டு முறை, தெருவில் ஆள் நடமாட்டம் உள்ள நேரமாகப் பார்த்து, மதிலின் இரு பக்கமும் நின்று கத்துவார்கள். மதிலில் ஒரு செங்கல் இல்லாத ஓட்டை இருந்தது. மத்தியானம் அதன் வழியாகச் சாப்பாட்டுக் கிண்ணம் போய்வரும்.

என்ன திட்டுவது என்பதைத் தம்பியின் மனைவி எழுதிக் கொடுப்பாள். அவளுக்கு அது கைவந்த கலை. மீன் தீவனச் சாக்கில் வரும் அட்டையின் பின்பக்கம், தம்பிக்கு இரண்டு வரி, அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் அக்காவுக்கு இரண்டு வரி. அதனால் அக்கா அவளை 'வசனம்' என்றுதான் கூப்பிடுவாள்.

மேடம் முதலில் அக்காவின் பம்பை அளந்தாள். மூன்று முறை. மூன்றுமே ஏழு புள்ளி இரண்டு நொடி.

"மணிக்குப் பத்தாயிரம் லிட்டர். எவ்வளவு நேரம் ஓட்டறீங்க?"

"எட்டு மணி நேரம்."

"சரியா எட்டா?"

"எட்டுன்னா எட்டுதான் மேடம். வேணும்னா ஏழே முக்கால்னு போட்டுக்குங்க."

மேடம் எட்டு என்று எழுதினாள். பிறகு நாலு குளத்தையும் சுற்றி நடந்தாள். நீளம், அகலம். தண்ணீருக்குள் கோலை நட்டுப் பார்த்தாள். வெயிலில் எவ்வளவு ஆவியாகும், மண்ணில் எவ்வளவு ஊறும் என்று தானாகவே முணுமுணுத்துக் குறித்தாள். இதை அக்கா எதிர்பார்க்கவில்லை. வாளியோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தாள்.

"தினம் பழைய தண்ணி மாத்துவீங்கதானே?"

"மாத்தாம? மீன் மூச்சு முட்டிச் செத்துடும். குளத்துக்கு இருபதாயிரம்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டால் அக்காவுக்கு வாய் நிற்காது.

"பழைய தண்ணியை எங்க விடறீங்க?"

"அந்தப் பக்கம்," என்று அக்கா கையை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு பழைய வாய்க்கால். அதில் புழுதி. புழுதியில் ஒரு நாய் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

மேடம் நாயைப் பார்த்தாள். "தினம் எண்பதாயிரம் லிட்டர் இதுல போகுதா?"

"போகும் மேடம்."

"நாய் நனையலியே."

"அதுக்குப் பழகிப்போச்சு."

மேடம் எதுவும் எழுதவில்லை. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது.

கிளம்பும்போது மேடமே ஒன்று சொன்னாள். "போன மாசம் இந்த வட்டாரத்துல பதினொரு திருட்டுக் கிணறு இருக்குன்னு எழுதிக் கொடுத்தேன்க்கா. கணக்கு அப்படித்தான் வந்தது. தோண்டித் தோண்டிப் பார்த்தாங்க. ஒண்ணுகூடக் கிடைக்கலை. கிணறு வெட்டினா பூதம் வரும்பாங்க. இங்க பூதம் நான்தானாம், கிணறுதான் இல்லையாம். ஆபீஸ்ல சிரிக்கிறாங்க."

"அடப் பாவமே," என்றாள் அக்கா. உண்மையாகவே பாவமாகத்தான் இருந்தது.

தம்பியின் வாசலுக்கு மேடம் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். அக்கா மதிலோரம் ஓடினாள்.

அங்கே தரையோடு இரண்டு வால்வுகள். நீலக் கைப்பிடி பழையது. அதைத் திறந்தால் நாலாவது குளத்துக் கழிவு நீர் மதிலுக்கு அடியில் போகும் குழாய் வழியாகத் தம்பியின் கிணற்றடிக் குழாயில் கொட்டித் தோட்டத்துக்குப் போகும். மற்ற மூன்று குளத்துத் தண்ணீரும் நாலாவதில்தான் வந்து சேரும். இரண்டு வருஷமாகத் தம்பியின் தக்காளி குடித்தது அதைத்தான். மீன் கழிவு கலந்த தண்ணீர். காய் குண்டு குண்டாக வந்தது. அதனால்தான் மோட்டாரைத் தூக்கிச் சரிசெய்யவே அவனுக்கு மனசு வரவில்லை.

சிவப்புக் கைப்பிடி போன வாரம் வைத்தது. அக்காவின் கிணற்றுத் தண்ணீரை அதே குழாய்க்குத் திருப்பிவிட. இன்றைக்கு மட்டும், செத்த பம்பு உயிரோடு இருப்பதாகக் காட்ட.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும். கூப்பிட்டுச் சொல்ல முடியாது, பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அதனால் திட்டுதான் சைகை. தம்பி மீன் நாற்றத்தைப் பற்றித் திட்டினால் திறக்க வேண்டும். "வாயை மூடு" என்றால் மூட வேண்டும். வசனத்தின் யோசனை.

அக்கா ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

தம்பி தன் கிணற்றடியில் சட்டைப் பித்தான் போட்டு, தலை சீவி, மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தான். பக்கத்தில் வசனம், புடவைத் தலைப்புக்குள் அட்டையை மறைத்துக்கொண்டு. மேடம் வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

"போடுங்க."

தம்பி சுவிட்சைத் தட்டினான். அது இரண்டு வருஷமாக எதையும் செய்யாத சுவிட்ச். மதிலைப் பார்த்துத் திரும்பினான்.

"இந்த மீன் நாத்தத்துல மனுஷன் குடியிருக்க முடியுமா?"

அக்கா சிவப்பைத் திருகினாள். "மூக்கைப் பொத்திக்கோ! இல்ல, மூக்கைக் கழட்டி உள்ள வச்சிட்டு வா!"

தண்ணீர் வந்தது. மேடம் கடிகாரத்தை நிறுத்தினாள். "ஏழு புள்ளி ரெண்டு. நிறுத்துங்க."

"வாயை மூடு!" என்றான் தம்பி.

மேடம் நிமிர்ந்தாள். "என்னையா?"

"ஐயோ, உங்களை இல்ல மேடம். அவளை."

"நீ மூடு முதல்ல!" என்று அக்கா சிவப்பை மூடினாள். தண்ணீர் நின்றது.

"ஏன் சுவிட்ச் போடும்போதெல்லாம் திட்டறீங்க?"

"ராசி மேடம்," என்றாள் வசனம். "அண்ணியைத் திட்டாம எந்தக் காரியமும் இங்க ஓடாது."

இரண்டாவது முறையும் நாற்றம், மூக்கு, ஏழு புள்ளி இரண்டு.

"உங்க அக்கா பம்பும் ஏழு புள்ளி ரெண்டுதான்," என்றாள் மேடம்.

"ஒரே வயித்துல பொறந்தவங்கதானே மேடம்."

"பம்பா?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "நாங்க."

மேடம் சிரிக்கவில்லை. தோட்டத்துக்குள் நடந்தாள். நாலு ஏக்கர் தக்காளி, பாத்தி பாத்தியாக ஈரம். திரும்பி வந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கால்குலேட்டரை எடுத்தாள். அக்காவுக்கு ஓட்டை வழியாக அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன. விரல்கள் நின்றன. முதலிலிருந்து மறுபடி தட்டின. மறுபடி நின்றன.

"இடிக்குதே," என்றாள் மேடம். "குளத்துல ஆவியாப் போறது நாப்பத்தெட்டாயிரம் லிட்டர். ஊறிப் போறது முப்பத்திரண்டாயிரம். மாத்தறது எண்பதாயிரம். மொத்தம் ஒரு லட்சத்து அறுபதாயிரம். உங்க தக்காளிக்கு எண்பதாயிரம். கூட்டினா ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். அது இருபத்திநாலு மணி நேரத் தண்ணி. உங்க ரெண்டு பம்பும் சேர்ந்து பதினாறு மணி நேரம்தான் ஓடுது."

"அதுக்கு?" என்றான் தம்பி.

"மிச்சம் எட்டு மணி நேரத் தண்ணி எங்கேர்ந்து வருது?" மேடம் எழுந்தாள். முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம். "மூணாவது கிணறு எங்க வச்சிருக்கீங்க?"

திருட்டுக் கிணறு என்று எழுதிவிட்டால் இரண்டு இணைப்பும் போகும். நாலாவது குளம் மட்டுமா, நாலு குளமும் போகும். இல்லாத கிணற்றை எப்படி இல்லை என்று காட்டுவது? பதினொரு தோட்டத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். இது பன்னிரண்டாவது. உண்மையைச் சொன்னால் நீல வால்வைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் செத்த மோட்டாரைச் சொல்ல வேண்டும். பொய்யை இவ்வளவு ஒழுங்காகச் சொல்லியிருக்கக் கூடாது.

"மூணாவது அளவை எடுத்துட்டுத் தேடறேன்," என்றாள் மேடம், வாளியை மறுபடி வைத்து. "போடுங்க."

தம்பி சுவிட்சைத் தட்டினான். வாயைத் திறந்தான். மீன் நாற்றம் அவனுக்கு மறந்துபோயிற்று. வசனம் அட்டையைக் காட்டினாள். அது தலைகீழாக இருந்தது. ஏதாவது திட்ட வேண்டும். வாயில் வந்ததைத் திட்டினான்.

"அப்பா செத்த அன்னிக்குக்கூட மீனுக்குத் தீனி போட்டுட்டுத்தானே வந்தே!"

அது அட்டையில் இல்லை. அக்காவுக்குத் தெரியும், அவள் அட்டையை மனப்பாடம் செய்திருந்தாள். அதோடு, அது உண்மை. அன்றைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தாள். ஆறு வருஷத்தில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

"நீ மட்டும் யோக்கியனா?" என்று அக்கா கத்தினாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அழுதுக்கிட்டே பீரோ சாவியைத் தேடினவன்தானேடா நீ!"

கத்திக்கொண்டே வால்வைத் திருகினாள். முழுவதும் திருகின பிறகுதான் கைப்பிடியைப் பார்த்தாள்.

நீலம்.

ஓட்டை வழியாகப் பார்த்தாள். தண்ணீர் கொட்டியது. லேசான பச்சை. வாளி ஐந்து நொடியில் நிறைந்து வழிந்தது. மேடம் கடிகாரத்தை நிறுத்தவில்லை. வாளிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருநூத்தி நாப்பது அடி போர்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா மேடம்," என்றான் தம்பி.

"இதுல மீன் இருக்கு."

விரல் நீள மீன் ஒன்று வாளியில் வட்டமடித்தது. மதில்மேல் வலை காய்ந்துகொண்டிருந்தது.

"நல்ல ஊத்து மேடம்," என்றான் தம்பி.

"பூமிக்கு அடியில ஒரு வகைக் குருட்டு மீன் உண்டாம்," என்றாள் வசனம். "படிச்சிருக்கேன்."

"இது என்னைப் பார்க்குதே."

அதற்கு வசனத்திடமும் வசனம் இல்லை.

மேடம் மீனைப் பார்த்தாள். மதில்மேல் வலையைப் பார்த்தாள். ஈரமான பாத்தியைப் பார்த்தாள். தம்பியின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு சிலந்தி பெரிய குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தது. பெட்டியை மெல்ல மூடினாள். உள்ளே யாரோ தூங்குவதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவதுபோல.

பிறகு படிவத்தை எடுத்து நின்றபடியே படித்தாள்.

"மாத்தற தண்ணி எண்பதாயிரம்," என்றாள். "தோட்டத்துத் தண்ணி எண்பதாயிரம்." இரண்டு எண்ணையும் விரலால் தொட்டாள். "ஒரே தண்ணியை ரெண்டு தடவை எண்ணியிருக்கேன்."

படிவத்தை மடித்தாள்.

"அந்தப் பதினொரு தோட்டமும் மீன் குளத்துக்குப் பக்கத்துலதான் இருந்தது," என்றாள் மேடம். சொல்லிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பூதம்தான் நான்."

மதில் ஓட்டைக்கு நேராக வந்து குனிந்தாள். அக்காவின் கண்ணும் அவள் கண்ணும் ஒரு சாண் தூரத்தில்.

"அக்கா. அங்கேயேதான் நிக்கறீங்கன்னு தெரியும். அந்த வால்வை மூடுங்க, மிச்ச மீனும் வந்துடப் போகுது."

அக்கா மூடினாள்.

"மண்ணுக்கு அடியிலேர்ந்து போறது ஒரு லட்சத்து அறுபதாயிரம். பதினாறு மணி நேரம். நீங்க சொன்ன மொத்தம் சரி. எனக்கு மொத்தம்தான் வேணும். எந்தப் பம்பு வழியாப் போச்சுன்னு பார்க்கறது எங்க ஆபீஸ்ல பக்கத்து அறை. பக்கத்து அறைக்காரர் அடுத்த மாசம் வருவார். அவர் வாளி கொண்டுவர மாட்டார். மோட்டாரை மேல தூக்கிப் பார்ப்பார்." தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "சிலந்திகிட்ட சொல்லி வைங்க."

தம்பி வேகமாகத் தலையாட்டினான்.

"ஆனா குளத்துத் தண்ணி தோட்டத்துக்குப் போகுதுன்னு நான் எழுதணும்னா ஒரு ஒப்பந்தம் வேணும். கொடுக்கறவங்க, வாங்கறவங்க, ரெண்டு பேர் கையெழுத்தும். இல்லன்னா என் கணக்குல அது மூணாவது கிணறுதான்." மேடம் ஒரு விரலை உயர்த்தினாள். "இதுல ஒரு சிக்கல் இருக்கு. நீங்க பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு குடும்பம். ஒத்துமையாக் கையெழுத்துப் போட்டா ஒரே குடும்பமான்னு கேப்பாங்க. ஒரே குடும்பம்னா ஒரே இணைப்பு."

அக்காவுக்கு நாலாவது குளம் கண்முன் வற்றத் தொடங்கியது. முதலில் கரையோரம் சேறு. அப்புறம் மீன்களின் முதுகு.

வசனம் தொண்டையைச் செருமினாள்.

"ஒண்ணு கேக்கறேன் மேடம். பேசிக்கறவங்களுக்கு எதுக்கு ஒப்பந்தம்? வாய்ச் சொல் போதுமே. பேசாதவங்கதானே எழுதிக்கணும்?"

மேடம் அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"வீட்டுலதான் மேடம். எழுதறது."

மேடம் முதல் முறையாகச் சிரித்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவளிடமே கொடுத்தாள். வசனம் வாளிமேல் வைத்து எழுதினாள். 'எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத காரணத்தால்' என்று அது தொடங்கியது. தம்பி கையெழுத்துப் போட்டான். தாள் ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வந்தது.

அக்கா பேனாவைப் பிடித்தபடி நின்றாள்.

"மேடம்," என்றாள். "அவன்கிட்ட சொல்லுங்க. இது குளத்துக்காகப் போடற கையெழுத்து. அவனுக்காக இல்லை."

"கேட்டுச்சு," என்றான் தம்பி.

"நான் மேடம்கிட்ட பேசறேன்."

கையெழுத்துப் போட்டாள். தாள் திரும்பிப் போனது. ஒரு குவளையில் மீன் இந்தப் பக்கம் வந்தது. மூன்றாவது அளவை எழுத வேண்டிய கட்டத்தில் மேடம் ஒரு கோடு போட்டு, 'வாளியில் இடையூறு' என்று எழுதினாள். பதினொரு தோட்டத்துக்கும் மறுபடி போக வேண்டும் என்றாள். அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. வாளி கடகடவென்று ஆடிக்கொண்டு போனது.

வாய்க்காலில் நாய் இடம் மாறிப் படுத்தது.

அக்கா மீனை நாலாவது குளத்தில் விட்டாள். வலை நன்றாகக் காய்ந்திருந்தது. இறங்கி அதைக் குழாயில் மாட்டினாள். மூன்று கட்டுப் போட்டாள், வழக்கமாக இரண்டுதான். குளம் நிறைந்து, சலனமில்லாமல் இருந்தது. தீனி நேரம் தாண்டிவிட்டது. மீன்கள் கரையோரம் கூடி வாயைத் திறந்து மூடின.

தீனி வாளியை எடுத்தாள். கீழே வைத்தாள்.

மதிலுக்குப் போய்க் குனிந்தாள். அந்தப் பக்கம் தம்பி இன்னும் கிணற்றடியிலேயே இருந்தான். போட்ட சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். வசனம் உள்ளே போயிருந்தாள். இன்றைக்கு மத்தியானம் ஆகும் முன்பே வந்துவிட்ட சாப்பாட்டுக் கிண்ணம் ஓட்டையின் விளிம்பில், அவன் வைத்தபடியே, மூடியோடு இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை.

அட்டையில் அது இல்லை என்று தெரியும், இருந்தது என்று அவன் சொன்னால் போதும் என்றிருந்தது. "டேய்," என்றாள். "கடைசியாத் திட்டினியே, அது அவ எழுதிக் கொடுத்ததா, நீயாச் சொன்னதா?"